ராமசுப்புவின் முற்றுப்புள்ளி

"காலமானார்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி நின்றது. மை காயாத மாதிரித் தாளைப் பூவனலிங்கம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏலே முத்துசெல்வம், எங்க அண்ணன் செத்ததுல உனக்கு என்னலே ஆச்சரியம்?"

"வருத்தம் தெரியட்டும்னு போட்டேன் அண்ணாச்சி. எல்லாரும் போடுதாங்க" என்றான் அச்சகக்காரன்.

"எல்லாரும் வேற, எங்க குடும்பம் வேற. எடு அதை."

அண்ணன் ராமசுப்பு விடிகாலையில் கண்ணை மூடியிருந்தார். கோவில்பட்டியில் சுவரில் ஒட்டினால்தான் சாவு சாவாகும். மதினி செண்பகவல்லி அழுகையை நிறுத்திக்கொண்டு, "போஸ்டர் வேலைய நீங்கதான் பாக்கணும். தப்பு இருந்தா ஊரு சிரிக்கும்" என்று அனுப்பிவைத்தாள். நியாயமான பேச்சு. நடத்துவது தீப்பெட்டிக் கம்பெனிதான் என்றாலும், சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகையும் பூவனலிங்கத்தின் சிவப்பு மை படாமல் அச்சேறியதில்லை. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் அவருக்குச் சோறு இறங்காது.

ராமசுப்புவுக்கு மகன் இல்லை. ஒரே மகள் பொன்மணி, மணிராஜ் என்கிற பஸ் மெக்கானிக்கைச் சாதி பார்க்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். அண்ணன் மன்னித்தார். தம்பி மன்னிக்கவில்லை. கொள்ளி தன் கையால்தான். அந்தப் பயல் அண்டக் கூடாது. மாலை நாலு மணிக்குத் தூக்குவது என்று போஸ்டருக்கு அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

அடுத்த தாள் வந்தது. மதினி பிடிவாதமாகச் சொன்னதால், வருந்துவோர் வரிசையில் மணிராஜ் பேரும் இருந்தது.

"பேருக்கு நடுவுல காற்புள்ளி எங்கலே? 'பூவனலிங்கம் மணிராஜ்'னு ஒட்டிக்கிட்டு நிக்குது. அவன் என்ன எனக்கு மவனா?"

காற்புள்ளி வந்தது. இப்போது இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். இது அதைவிட மோசம்.

"என் பேருக்குப் பொறவு முற்றுப்புள்ளி வை. குடும்பம் அங்கன முடிஞ்சுபோச்சு. அவன் பேரு அதுக்கு அங்கிட்டு, தனியா, சின்ன எழுத்துல."

"இந்த சைஸ்ல ஈயப் புள்ளி தீந்துபோச்சு அண்ணாச்சி. இந்த வாரம் சாவு ஜாஸ்தி."

பூவனலிங்கம் சட்டைப்பையிலிருந்து தம் கம்பெனித் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். முத்துசெல்வம் ஒரு குச்சியை எழுத்தின் உயரத்துக்கு நறுக்கிச் சொருகினான். புள்ளி சதுரமாக விழுந்தது.

"இது என்னலே, ஜன்னலா? உருட்டிச் செதுக்கு."

செதுக்கியது நசுங்கி, காற்புள்ளி மாதிரி வால் விட்டது. மணிராஜ் மறுபடியும் குடும்பத்துக்குள் வந்துவிட்டான்.

அடுத்த குச்சி அச்சில் முறிந்து, பூவனலிங்கத்தின் பெயர்மேலேயே கோடு இழுத்தது. முறிந்த துண்டைப் பிடுங்கப்போய் வரிகளெல்லாம் சரிந்து தரையில் கொட்டின. வெள்ளை வேட்டியோடு அவரும் குந்தி எழுத்துப் பொறுக்கினார். அண்ணன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுக்கும்போது மட்டும் கண் கலங்கியது. துடைத்ததில் முகமெல்லாம் மை.

டெலிபோன் அடித்தது. வீட்டிலிருந்து மதினி.

"இன்னும் புள்ளி சரியா விழல மதினி. நாலு மணிக்குள்ள வந்துருதேன்."

"அவசரமே இல்ல. நிதானமாப் பாத்து வாங்க."

இந்தத் துக்கத்திலும் குடும்ப மானம் தெரிந்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு புள்ளி விழுந்தது. அப்படி ஒரு புள்ளி. உருண்டையாக, கறுப்பாக, அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் விடாமல். அச்சடித்த போஸ்டர் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நாலு மணிக்கு நிறைய நேரம் கிடந்தது.

தெருவில் மேளம் இல்லை. நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அண்ணன் வீட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன எங்கட்டி?"

"தூக்கியாச்சு. போனவிய பாதிப் பேரு திரும்பியும் வந்துட்டாவ."

"நாலு மணின்னு போஸ்டர்ல போட்டிருக்கேன்! நான் இல்லாம யாரு கொள்ளி வச்சது?"

"மருமவன்தான்."

போஸ்டர் கட்டு ஈரத்தில் விழுந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆவுடைத்தாய் அடுத்த குடத்தை எடுத்தாள்.

"பெரியவிய நேத்தே சொல்லிட்டுத்தான் போனாவ: 'போஸ்டர் வேலையத் தம்பிகிட்ட குடுங்க, அவன் புள்ளி வச்சு முடிக்கதுக்குள்ள மருமவன் கொள்ளி வச்சிருவான்.'"