உப்பரசியைப் பற்றி நான் உளறியதற்காக

வால்யெவோ,
டிசம்பர் ஒன்பது.

என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்று, என் மகனுக்குப் பெயர் சூட்டி, அந்த உறவால் நாம் ஒருவருக்கொருவர் 'கூம்' ஆன, பெருமதிப்புக்குரிய கூம் ஓஸ்தோயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவி ரூஷாவும் நலம். தங்கள் மூட்டுவலியும் தோட்டத்துப் பிளம் மரங்களும் நீடூழி வாழ நிக்கோலா புனிதரை வேண்டுகிறேன். மூட்டுவலி வாழ வேண்டாம், மரங்கள் மட்டும் வாழட்டும். பாருங்கள், முதல் வரியிலேயே உளறுகிறேன்.

மூன்று தெரு தள்ளி இருப்பவருக்குத் தபால் தலை ஒட்டிக் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். நேரில் வர எனக்கு முகம் இல்லை, அதுதான் விஷயம். வருகிற பத்தொன்பதாம் தேதி தங்கள் வீட்டு ஸ்லாவா, தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டைக் காக்கிற புனிதரின் திருநாள். ஸ்லாவாவுக்கு யாரையும் யாரும் அழைப்பதில்லை. ஒரு தடவை வந்தவன் ஆயுசு முழுக்க வருவான். முப்பத்தாறு வருஷமாக இந்த வழக்கம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. இப்போதுதான் அதன் கொடுமை புரிகிறது. அழைப்பு என்று ஒன்று இருந்தால், அது வராததை வைத்தாவது 'உனக்கு இங்கே இடமில்லை' என்று தெரிந்துகொள்ளலாம். அழைப்பே இல்லாத விருந்துக்கு நான் வரலாமா, கூடாதா என்று பிப்ரவரியிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பந்தியில் பதினான்கு பேர். மேசையில் மெழுகுவத்தி, ஸ்லாவா ரொட்டி, இறைச்சி கூடாத விரத நாள் என்பதால் கெண்டை மீன். இரண்டாவது கோப்பை பிளம் சாராயம் உள்ளே போய்விட்டால் நான் தீர்ப்புச் சொல்லாத வழக்கு உலகத்தில் கிடையாது, அது தங்களுக்குத் தெரியும். டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்த பெண்ணுக்குத் தொண்டையே இல்லை என்றேன். மேயர் ஒரே நீரூற்றைக் கட்டிக் கட்டியே மூன்று தேர்தல் ஜெயித்துவிட்டார், அதில் தண்ணீர் வந்துவிட்டால் நான்காவதில் தோற்றுவிடுவார் என்றேன். தங்கள் தம்பி மிலுட்டின் மேயர் கட்சி. அவர் முகம் சிவக்கச் சிவக்க எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா, "உப்பரசியின் கோட்டைனு ஒரு மாயாஜால நாவல் வந்திருக்காமே. யாரோ எம். வ்ரானாம், நம்ம ஊர்க்காரர்னு பேசிக்கிறாங்க. படிச்சீங்களா?" என்று கேட்டார்.

"படிச்சேனாவா!" என்றேன். அட்டையைப் படித்திருந்தேன். அப்புறம் பதினொரு பக்கம், பல் டாக்டரிடம் காத்திருந்தபோது. "அதெல்லாம் ஒரு நாவலாம்மா? கோட்டை வாசல்ல எதிரி நிக்கிறான், மகாராணி உள்ள உக்காந்து மீனுக்கு உப்பு தடவிக்கிட்டிருக்கா! அவ அரசியா, மீன்காரியா? டிராகன் பேசுது, நாய் பேசுது, புருஷன்காரன் மட்டும் வாயே தொறக்கமாட்டேங்கிறான். பொண்டாட்டி இல்லாத ஏதோ கிழம் பொழுது போகாம கிறுக்கியிருக்கு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாங்கள் மட்டும் எழுந்துபோய் ஒரு மீன் துண்டைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்து, "சாப்பிடு கூம். தெசாங்கா சொல்லிக்குடுத்த மாதிரிதான் உப்புப் போட்டிருக்கேன்" என்றீர்கள். தங்கள் மனைவி தெசாங்கா போய் அப்போது இரண்டு வருஷம். நான் என்ன சொன்னேன்? "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொன்னேன்.

பிப்ரவரியில், எம். வ்ரான் நூலகத்தில் வாசகர்களைச் சந்திக்கிறார் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த ஆளை நாலு பேர் முன்னால் நாறடிக்க வேண்டும் என்று ஒன்பது கேள்விகளை எழுதி, மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேடைக்கு யார் வந்தது? என் கல்யாணத்துக்குப் போட்டுவந்த அதே பழுப்புக் கோட்டில் என் கூம்! பேனா விழுந்த மாதிரிக் குனிந்தவன் குனிந்தபடியே கதவு வரைக்கும் போய்விட்டேன். தொப்பி நாற்காலியிலேயே கிடந்தது. பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவன் நான்; என் சிவப்புப் பட்டைத் தொப்பியை இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒன்பது கேள்வியும் அதற்குள்ளேதான் இருந்தது.

அன்றிலிருந்து நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. ரூஷா தினமும் இடிக்கிறாள்: "வானத்துல கடவுள், பூமியில கூம்னு சொல்லுவாங்க. பூமியில இருக்கிறவரையே பகைச்சுக்கிட்டியே, மேல இருக்கிறவர்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுய்யா போவே?"

அப்புறம்தான் புத்தகத்தை வாங்கி ஒழுங்காகப் படித்தேன். உப்பரசி தெசாங்காதான். இடது கையில் அந்தத் தீக்காயத் தழும்பு முதற்கொண்டு அவளேதான். முற்றுகை குளிர்காலம் முழுக்க நீளும் என்று அந்தக் கோட்டையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அதனால்தான் ஊருக்கே மீனை உப்புப் போட்டு வைக்கிறாள். அது பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பாவி நான், பதினொன்றோடு நிறுத்தியிருந்தேன்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஓர் அரண்மனை அறிவிப்பாளன் வருகிறான். எதுவும் தெரியாமலே எல்லாவற்றையும் சத்தமாக அறிவிக்கிறவன். யாரென்று எனக்குப் புரியாமலில்லை. அமைச்சர்கள் அவனைத் துரத்தச் சொல்கிறார்கள். அரசி சொல்கிறாள்: "விடுங்க, உளறட்டும். அவனும் வாயை மூடிட்டா இந்த வீட்ல ராஜாவோட மௌனம்தான் மிச்சம்." அதைப் படித்துவிட்டு அழுதேன் கூம். ரூஷா பார்த்துவிடக் கூடாதே என்று வெங்காயம் நறுக்கப் போனேன். நான் ஜென்மத்தில் வெங்காயம் நறுக்கியதில்லை, அதனால் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

வெட்கமாக இருக்கிறது, கூம். புத்தகத்தைத் திட்டியதற்குக்கூட இல்லை. நீ ராத்திரி பகலாகத் தனியே உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாய், மூன்று தெரு தள்ளியிருந்த எனக்குத் தெரியவில்லை. அதற்கு.

ஒரே ஒரு வேண்டுகோள். நூலகத்தில் கிடந்த என் தொப்பியை நீதான் எடுத்துப்போனாயாமே; நான் வரலாம் என்றால் அதை உன் சமையலறை ஜன்னலில் வை. தெருவிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். வந்தால் மீன் தின்ன மட்டும்தான் வாயைத் திறப்பேன். பாட்டுப் போட்டி, மேயர், டிராகன் எதைப் பற்றியும் என்னிடம் இனிக் கருத்து கிடையாது. இது நிக்கோலா புனிதர்மேல் ஆணை.

மிலுட்டினுக்கு என் வணக்கத்தைச் சொல். மேயருக்கும் சொல்லச் சொல், வேறு வழியில்லை. தெசாங்காவின் கல்லறையில் என் பெயரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்று. உன் வீட்டு ரொட்டியும் உன் உடம்பும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

தலைகுனிந்து,
உன் கூம் வித்தோமிர்

பி.கு.: நான் உறையில் தபால் தலை ஒட்டிக்கொண்டிருந்தபோது ரூஷா இந்தக் கடிதத்தை எடுத்துப்போய் உனக்குப் போனிலேயே முழுக்க வாசித்துவிட்டாளாம். நீ சொன்னதை அப்படியே வந்து சொன்னாள்: "தொப்பியை ஜன்னல்ல வைக்க முடியாது ரூஷாம்மா. பிப்ரவரியிலேர்ந்து அது தெசாங்காவோட கோட்டு மாட்டுற ஆணியில தொங்குது, அங்கேயே தொங்கட்டும். அந்த ஆளு வாயை மூடிக்கிட்டு வர்றதா இருந்தா வரவே வேணாம். இந்த வீட்ல மௌனமா உக்கார நான் ஒருத்தன் போதும். ஒம்பது கேள்விக்கும் பதில் எழுதி வெச்சிருக்கேன்னு சொல்லுங்க."

ஆகவே மேலே உள்ள ஆணையை அடித்துவிடு. புனிதரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது போதாது, கூம். இருநூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் அந்த அறிவிப்பாளனைத் தொண்டையில் மீன் முள் சிக்கிச் சாகடித்திருக்கிறாயே, உனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? பத்தாவது கேள்வி அது. அந்த நீரூற்றைப் பற்றியும் மிலுட்டினிடம் சொல்ல வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது.

போன வருஷ மீனில் உப்பு சரியாகத்தான் இருந்தது.