எலியேசர் அண்ணாச்சியின் வருமான வரி

சக்கரவர்த்தியின் கஜானாவைக் காக்கும் பொறுப்பு லண்டனில் சில பிரபுக்களிடமும், சென்னையில் சில துரைமார்களிடமும், பாளையங்கோட்டையில் என் ஒருவனிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. யார் ஒப்படைத்தார்கள் என்று கேட்பது அநாகரிகம். பெரிய பொறுப்புகளை யாரும் கொடுப்பதில்லை. தகுதியுள்ளவன் தானே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடியேன் கிருபைராஜ். மிஷன் பள்ளி ஒன்றில் இலக்கணமும் நல்லொழுக்கமும் போதித்து வந்தேன். சனிக்கிழமை மாலைகளில் ‘சன்மார்க்க விருத்திச் சபை’யின் காரியதரிசி. வருமான வரி விஷயத்தில் என் வாழ்க்கை அப்பழுக்கற்றது. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் சம்பாதிப்பவர்தாம் அந்த வரி கட்டவேண்டும் என்பது சட்டம். அந்த ஆயிரத்தின் பக்கம்கூட நான் போனவனல்ல. வரி ஏய்ப்பு என்னும் கொடிய பாவத்தைச் செய்ய வேண்டிய வசதியைக் கடவுள் எனக்கு அருளவே இல்லை. அருளியிருந்தாலும் செய்திருக்கமாட்டேன் என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர் எலியேசர் அண்ணாச்சி. உடன்குடிக்காரர், கருப்பட்டி வியாபாரி. ஊரிலிருந்து வண்டி வண்டியாக வரும் சரக்கை இறக்கிவைக்க, வண்ணார்பேட்டையில் ஆற்றோரமாக ஒரு கிட்டங்கி வைத்திருந்தார். பல வருஷப் பழக்கம். கோயிலில் இருவரும் ஒரே பெஞ்சு. பிரசங்கம் நீண்டுவிட்டால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குமளவுக்கு நெருக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம் தை மாதம், அந்த அண்ணாச்சியின் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அடுத்த வாரம் ஒரு பாட்டுப்பெட்டி வந்து இறங்கியது. பூசணிப் பூப்போல வாய் விரிந்த பித்தளைக் குழாய். சாயங்காலமானால் அது பாடும். தெரு முழுவதும் கேட்கும். என் மனைவி பியூலா கொல்லைச் சுவரோரம் நின்று கேட்டுவிட்டு வந்து, “என்னமா பாடுது! நம்ம வீட்லயும்தான் ஒரு சத்தம் கேக்குது, நீங்க இலக்கணம் படிக்கிற சத்தம்” என்றாள்.

அந்தக் கணத்தில் என் மனசாட்சி விழித்துக்கொண்டது. அதற்கு முன்பும் அது விழித்துத்தான் இருந்தது. பாட்டுப்பெட்டியின் ஊசி இப்போதுதான் நேராக அதன்மேல் வைக்கப்பட்டது. பொறாமை என்று அற்பர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு வரி வரியாகப் பாடம் சொல்லிக்கொடுப்பவனுக்கு வரியின் அருமை தெரியாதா?

மறுநாள் அவரைத் தெருமுனையில் பிடித்தேன்.

“அண்ணாச்சி, வியாபாரமெல்லாம் எப்படி?”

“ஏதோ ஆண்டவர் புண்ணியத்திலே ஓடுது சார்வாள்.”

“சர்க்காருக்கு வரி எவ்வளவு கட்டுதீய?”

அண்ணாச்சி சிரித்தார். “நமக்கு ஏது சார்வாள் வரியும் கிரியும்?” என்று சொல்லிவிட்டு, குதிரைக்குக் கொள்ளு வாங்கவேண்டும் என்று வேகமாக நடந்துவிட்டார். குற்றமற்றவன் கோபப்படுவான். குற்றவாளிதான் சிரித்துவிட்டுக் கொள்ளு வாங்கப் போவான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஆனாலும் அவசரப்படுவது என் இயல்பல்ல. சனிக்கிழமை சபையில் விஷயத்தைப் பொதுவாக முன்வைத்தேன்.

“ஒரு மனிதனுக்கு ஒரு சிநேகிதன். அந்தச் சிநேகிதன் வரி கட்டுவதில்லை என்று இவனுக்குச் சந்தேகம். இவன் என்ன செய்யவேண்டும்?”

“யாருவே அது, எலியேசரா?” என்றார் சபைத் தலைவர் குற்றாலலிங்கம். வக்கீல் குமாஸ்தா, சாட்சியைப் பார்த்தே வழக்கைச் சொல்லிவிடுவார்.

“பெயரைச் சொல்வது சன்மார்க்கம் ஆகாது.”

“அப்போ எலியேசரேதான். சரி, மேலே சொல்லும்.”

மேலப்பாளையத்தில் பாய்க்கடை வைத்திருந்த அசன் மைதீனும் எங்கள் அங்கத்தினர். அவர் எழுந்து, “இதுக்கு எதுக்கு ஒரு கூட்டம்? அவரு வீடு உம்ம வீட்டுக்கு ரெண்டாவது வீடு. நேரே போயி, ‘அண்ணாச்சி, இப்படி ஒரு சந்தேகம்’னு கேட்டா என்னவே?” என்றார்.

சபை திடுக்கிட்டது. சிநேகிதனிடம் போய் முகத்துக்கு நேரே கேட்பதா? இவ்வளவு முரட்டுத்தனமான யோசனை எங்கள் சபையில் அதுவரை எழுந்ததில்லை. குற்றாலலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு எனக்கு வழிகாட்டினார்: “காட்டிக்குடுக்கது பாவம்வே. அதைச் செய்யாதியும். தெரியப்படுத்தும்.” ‘காட்டிக்கொடுத்தல் பாவம், தெரியப்படுத்தல் கடமை’ என்ற தீர்மானம், அசன் மைதீன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிய பிறகு, ஏகமனதாக நிறைவேறியது.

திங்கட்கிழமை தாலுகா கச்சேரிக்குப் போனேன். விஷயம் பரம இரகசியம் என்று டவாலிச் சேவகனிடம் சொல்லி உள்ளே அனுப்பினேன். அவன் திரும்பி வந்து, தாழ்வாரம் நிறையக் காத்திருந்த ஜனங்களுக்கு மேலாகக் குரல் எழுப்பினான்: “வரி கட்டாத சிநேகிதரைப் பத்தி இரகசியம் சொல்ல வந்த வாத்தியார் யாரு? உள்ளே வாரும்!”

நான் உள்ளே போனேன். தாசில்தார் மூக்குக்கண்ணாடி வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன ஆதாரம்?”

“குதிரை வண்டி, எசமான். பாட்டுப்பெட்டி, எசமான்.”

“அந்த ஆளுக்கும் உமக்கும் விரோதம் ஏதாவது?”

“ஐயையோ! என் ஆப்த சிநேகிதர். ஒரே பெஞ்சு.”

தாசில்தாரின் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நம்பலாம். விரோதி சொன்னால் பாதி பொய்யாயிருக்கும். சிநேகிதர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.”

அந்த வாரக் கடைசியில் கிட்டங்கியைத் திறந்து சரக்கைச் சோதிக்கத் தாசில்தாரே வருகிறார் என்று அண்ணாச்சிக்குத் தாக்கீது போயிற்று. மார்க்கெட் முழுவதும் அதே பேச்சு. நான் வழக்கத்தைவிட மெதுவாகத் தெருவில் நடந்தேன். கடமையைச் செய்தவன் அப்படித்தான் நடப்பான்.

அன்று மாலை பள்ளி விட்டு வரும் வழியில் அண்ணாச்சி என்னை மறித்தார். முகம் வெளுத்திருந்தது. “சார்வாள், ஒரு எட்டு கிட்டங்கி வரைக்கும் வாங்க” என்றார். கிட்டங்கியில் கருப்பட்டி சிப்பம் கட்டும் கயிறு இருக்கும், அரிவாளும் இருக்கும். இரண்டையும் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அவர் பூட்டைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். முன்வரிசையில் ஓலைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒரு பெட்டியை அவர் காலால் தள்ளினார். அது காற்றைப்போல் உருண்டது. காலி. அடுத்ததும் காலி. பின்னால் ஒன்றுமே இல்லை. சுவரில் என் மார்பு உயரத்துக்குக் கருஞ்சாந்து பூசியதுபோல் ஒரு கறை மட்டும் ஓடியது. அதில் எறும்பு மொய்த்தது.

“ஐப்பசி வெள்ளத்திலே ஆறு உள்ளே ஏறிட்டு. கதவைத் திறக்கதுக்குள்ள அம்புட்டும் கரைஞ்சு போச்சு. தாமிரபரணி அன்னைக்குப் பானகமாத்தான் ஓடியிருக்கும் சார்வாள். ஆத்துக்குக் கீழே இருக்க சீவைகுண்டத்துக்காரன் கொடுத்துவச்சவன்.”

“குதிரை வண்டி?”

“வாடகை.”

“பாட்டுப்பெட்டி?”

“தூத்துக்குடிச் சிநேகிதன் கபிரியேல் இரவல் தந்தது. ஒரே ஒரு தட்டுதான் இருக்கு. அதையே கேட்டுக் கேட்டு எனக்கு ஓங்கரிக்குது. மக ஜெபராணிக்குத் தூத்துக்குடியிலே மாப்பிள்ளை பேசியிருக்கு. பெரிய இடம். அவங்க ஆளு வந்து பார்த்துட்டுப் போறவரைக்கும் இந்த வேஷம். கல்யாணம் வைகாசியிலே. நாளை மறுநாள் தாசில்தார் வந்து இந்தப் பெட்டியைத் தொட்டாருன்னா, கடனுக்குச் சரக்குக் குடுத்த உடன்குடிக்காரன் மறுநாளே பாக்கி கேட்டு வாசல்ல நிப்பான். கல்யாணம் அன்னைக்கே நின்னுரும்.”

அவர் காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்காரப்போய், அது தாங்காது என்று நினைவு வந்து நின்றுகொண்டார்.

“வருமானம் போச்சு. அதுலே பாதியாவது, அந்த மானமாவது, இருக்கட்டும்னு பாக்கேன்.”

‘வருமானம்’ என்ற சொல் பிரிந்தும் சேர்ந்தும் பொருள் தருவதை வகுப்பில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இலக்கண ஆசிரியனுக்கு எந்த இடத்திலும் ஏதாவது தோன்றிவிடும்.

“இப்போ என்ன செய்யலாம் அண்ணாச்சி?”

“யோசிச்சுட்டேன். நாளைக்கு நானே கச்சேரிக்குப் போயி, ‘ஆமா எசமான், போன வருஷம் ரெண்டாயிரம் சம்பாதிச்சேன், வரியை வாங்கிக்கிடுங்க’ன்னு கட்டிருதேன். கட்டிட்டா சோதனை எதுக்கு? அம்பத்திரண்டு ரூபாயும் சில்லறையும் ஆகுமாம். அதை நீங்கதான் தரணும்.”

“நானா?”

“தாசில்தார்கிட்டச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும் சார்வாள். அந்த டவாலி போட்ட சத்தம் மார்க்கெட் வரைக்கும் வந்துட்டு.” அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. “அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். வேற யார்கிட்டக் கேட்டாலும் நாளைக்கே ஊருக்குத் தெரிஞ்சிரும். நீங்க வெளியே சொல்ல வழியில்லையே.”

வீட்டுக்கு வந்து பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சோற்றுப்பானையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஒரு நடை நேரே போயிக் கேக்கக் கூடாதாக்கும்?”

“சபையில் அந்த யோசனை தோற்றுவிட்டது.”

“தோக்கும், தோக்கும். உங்க சபையிலே நல்லது எது செயிச்சுது?”

அவள் அரிசிக் குதிருக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். மிஷன் அம்மாமார்களுக்கு லேஸ் பின்னிக் கொடுத்து, எனக்குத் தெரியாமல் பல வருஷமாகச் சேர்த்த பணம். ஐம்பது ரூபாயைத் தாண்டியிருந்தது. நான் பிரமித்து நின்றேன். ஊரெல்லாம் காவல் காத்தவனின் சமையலறையிலேயே கணக்கில் வராத ஒரு வருமானம்!

“இவ்வளவு நாளும் என்னிடம் மறைத்தாயா?”

“ஆமா. போயி இதையும் தெரியப்படுத்துங்க. நாளையிலேர்ந்து சோறும் தாலுகா கச்சேரியிலேயே போடுவாங்க.”

முடிச்சை வாங்கிக்கொண்டேன். அவள் கை அதை விடச் சற்று நேரம் எடுத்தது. “பாட்டுப்பெட்டி வாங்கத்தான் வச்சிருந்தேன்,” என்றாள், “பரவாயில்லை, ஜெபராணி நல்லா இருக்கட்டும்.”

அண்ணாச்சி வரியைக் கட்டினார். கேட்பதற்கு முன்பே ஒருவர் வந்து வரி கட்டியதில் கச்சேரி கதிகலங்கிப்போனது. எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று குமாஸ்தாக்கள் தேடினார்களாம். சோதனை ரத்தாயிற்று. ஆனால் அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வருமான வரி கட்டுகிற கனவான் என்ற பெயர் ஆற்றுக்கு இருபுறமும் பரவியது. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயித்த நாளை முன்னுக்கு இழுத்தார்கள். உடன்குடிக்காரர்கள் வலிய வந்து, பணம் பைய வரட்டும் என்று சரக்கை இறக்கினார்கள். காலிப் பெட்டிகள் நிஜமாகவே நிறைந்தன. சித்திரையில் ஜெபராணிக்குக் கல்யாணம் சிறப்பாக நடந்தது. அசன் மைதீன் பந்திக்குப் பாய் அனுப்பினார். நான் வாழ்த்துப்பா வாசித்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகளைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அழுதேன், கவிதையின் உருக்கம் என்று நினைத்தார்கள்.

ஜூன் மாதம் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் கூட்டம். மேடையில் தாசில்தார் அண்ணாச்சிக்கு மாலை போட்டு, பன்னீர் தெளித்து, “இந்த ஊரில் இந்த வருஷம் தானாக முன்வந்து வரி கட்டியவர் இவர் ஒருவரே” என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. முன்வரிசைதான் மிகப் பலமாகத் தட்டியது.

கூட்டம் முடியும் நேரத்தில் தாசில்தார் என்னை அருகே அழைத்துத் தணிந்த குரலில் சொன்னார்: “வாத்தியாரே, உம்முடைய தகவல் அட்சரசுத்தமாயிருந்தது. சர்க்கார் மறக்காது. வேறு யார்மேலாவது உமக்குச் சந்தேகம் உண்டா?”

நான் முன்வரிசையைப் பார்த்தேன். முதலில் பஞ்சு ஏஜெண்டு. அவருடைய மக்கள் இருவரும் என்னிடம் தனிப்பாடம் படிக்கிறார்கள். பக்கத்தில் அரிசி மண்டி முதலாளி. சபை விளக்குக்கு மண்ணெண்ணெய் அவர் உபயம். அதற்கடுத்தவர் ஒரு பெரிய வக்கீல். எங்கள் தெருவில் பாதி அவர் பெயரில் இருந்தது, மீதி அவருடைய மாமியார் பெயரில். மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் கைகூப்பினேன்.

“சந்தேகமா? ஒருவர்மேலும் இல்லை, எசமான்” என்றேன்.

அது சத்தியம். அவர்கள்மேல் எனக்குச் சந்தேகமே கிடையாது. நிச்சயமாகத் தெரியும்.