தங்கசாமியின் கழுத்தும் ஒரு தாழ்ப்பாளும்

பொழுது சாய்ந்து விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் அன்றைக்கும் வந்தது. 'ர்ர்ர்ர்' என்று, பித்தளைச் செம்புக்குள் மாட்டிக்கொண்ட கதண்டு வண்டு முறையிடுவது போல. ஏறும், இறங்கும், நின்று மூச்சு வாங்கும், மறுபடி ஏறும். பக்கத்து வீட்டு ஆண்டாயி கொல்லை மதில்மேல் தலையை வைத்தாள்.

"ஏண்டி செங்கமலம், ஒங்க வூட்டு பாத்ரூம்ல கதண்டு கிதண்டு கூடு கட்டிருச்சா?"

"ஒண்ணுமில்லக்கா. அவரு பல்லு வெளக்குறாரு."

"பல்லு வெளக்குனா இப்படியா சத்தம் வரும்?"

"அவரு பல்லை நீங்க பாத்ததில்லக்கா."

உள்ளே தங்கசாமி ஒற்றைக்காலில் தவம் செய்துகொண்டிருந்தார். ஒரு காலால் கதவை மிதித்திருந்தார். இடக்கை கழுத்துத் தோலைப் பிடித்திருந்தது. வலக்கையில் மெஷின். அந்தக் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. செங்கமலம் சொல்லாத நாளில்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்று அவர் சொல்லாத நாளுமில்லை.

விஷயம் கழுத்துதான்.

போன மாசம் மகள் தேவயானியைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வேப்பந்தட்டைக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு சிமெண்ட் பேக்டரியில் வேலை. தேவயானி காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் பெரியம்மா தங்கசாமியின் கழுத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"தாத்தாவுக்கு மொதல்ல குடும்மா. பெரியவங்க."

அதோடு விட்டாளா? செங்கமலத்தின் பக்கம் திரும்பி, "நீ பொண்ணுக்கு அக்காவா? ஒனக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டாள்.

சம்பந்தம் முடிவானது. தங்கசாமிக்குத் தூக்கம் போனது. வயது நாற்பத்தெட்டுதான். தலைக்கு மை இருக்கிறது. தொப்பைக்கு இறுக்கமான பனியன் இருக்கிறது. கழுத்துக்கு என்ன இருக்கிறது? உரக்கடையில் நாள்பூராவும் குனிந்து உட்கார்ந்த பலன், உழுதுபோட்டு மழைக்குக் காத்திருக்கும் காடு மாதிரி சால்சாலாகக் கிடந்தது. ஆவணியில் நிச்சயதார்த்தம். வீடியோக்காரர் வருவார். அரியலூர் சனமே சிடி போட்டுப் பார்க்கும். அன்றைக்கு ஒரு வாயிலிருந்தும் 'தாத்தா' வரக்கூடாது என்று சிறுவாச்சூர் காளி மேல் சத்தியம் செய்தார்.

விதை வாங்கப் போவதாகச் சொல்லித் திருச்சிக்கு பஸ் ஏறினார். தோல் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"கத்தியே வைக்க வேண்டாங்கய்யா. ஊசி போட்டுச் சுருக்கத்தைத் தளர்த்தலாம். லேசர் காட்டலாம். மெஷின்ல சூடு குடுத்துத் தோலை இறுக்கலாம். எல்லாத்துக்கும் நாலஞ்சு தடவை வரணும். உங்களுக்கு ஊசி நல்லது."

"ஊசி எங்கம்மா போடுவீங்க?"

"கழுத்துலதான்."

"இடுப்புல போட்டா கழுத்துக்கு வந்து சேராதுங்களா?"

சேராது என்று தெரிந்ததும் தங்கசாமி அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார். மறுநாள் லப்பைக்குடிக்காட்டில் சிநேகிதர் ஜமால் முகமதுவின் வாசலில் நின்றார். துபாயிலிருந்து வந்திருந்த ஜமால் பெட்டியைத் திறந்தார். டார்ச் லைட் போல ஒரு மெஷின், முனையில் உருளை. கூடவே ரோஜா வாசனையில் ஒரு டப்பா கிரீம்.

"எங்க வூட்டம்மா சாகிரா கழுத்துக்கு இதத்தான் போடுது அண்ணே. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. கீழேருந்து மேல இழுக்கணும். மேலேருந்து கீழ இழுத்தீங்கன்னா காளைமாட்டு அலைதாடி மாதிரி தொங்கிடும்."

"சத்தம் வருமா பாய்?"

"வண்டு மாதிரி வரும். பழகிடும், இன்ஷா அல்லா."

எங்கே ஒளிப்பது? பீரோ என்றால் செங்கமலம் குடைவாள். பரண் என்றால் ஏறுவாள். தங்கசாமி யோசித்து யோசித்து, கொல்லையில் விதைக்காகச் சின்ன வெங்காயம் கொட்டிக் கீற்று மூடி வைத்திருந்த பட்டறைக்குள் கொண்டுபோய்ப் புதைத்தார். வெங்காயக் குவியலுக்குள் ரோஜாவைத் தேட யாருக்குத் தோன்றும்? தினமும் விளக்கு வைத்ததும் துண்டுக்குள் மறைத்து எடுப்பார். முடிந்ததும் பழையபடி புதைப்பார்.

கழுத்து அசைந்து கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, புதிதாகப் போட்ட பேட்டரி கட்டை ரெண்டே நாளில் முனகியது. கிரீம் டப்பாவில் கிணறு வெட்டியது போல் பள்ளம். ஜமாலைப் பிடித்துக் கேட்டார்.

"சாகிரா ஆறு மாசமா ஒரே கட்டைதான் அண்ணே" என்றார் ஜமால். தங்கசாமி நம்பவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் கை நடுங்கி மெஷின் கீழ்நோக்கிச் சறுக்குகிறது. அலைதாடி கண்முன் ஆடியது. இனி ரெண்டு காலையும் ஊன்றி வேலை நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் டவுனுக்குப் போய்க் கெட்டியான இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்து, தன் கையாலேயே முறுக்கினார். செங்கமலம் பக்கத்தில் நின்று ஸ்குரூ எடுத்துக் கொடுத்தாள்.

"என்னங்க அதிசயம். வருசம் பூரா சொன்னேன்."

"பொம்பளைங்க பொழங்குற வூடு. எல்லாம் ஒனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"சத்தியமா."

"நல்லா இருங்க" என்றாள்.

அன்று விளக்கு வைத்ததும் தங்கசாமி துண்டோடு பட்டறைக்குப் போனார். கையை விட்டார். வெங்காயம். முழங்கை வரை விட்டார். வெங்காயம். தோள் வரை விட்டுத் துழாவியபோது முதுகுக்குப் பின்னால் 'ர்ர்ர்ர்' என்றது.

பாத்ரூம் கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடி முன்னால் செங்கமலம். மெஷின் கீழேயிருந்து மேலே, சொன்ன சொல் தவறாமல், வெண்ணெயில் போவது போல் போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் ஒரு கோடு இல்லை.

"இது... ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டறையில தெனம் அழுகல் பொறுக்குறது யாருங்க? நீங்களா?"

கல்யாணமான நாளாய் அவர் ஓர் அழுகல் வெங்காயத்தைத் தொட்டதில்லை.

"எத்தன நாளா நடக்குது?"

"நீங்க கடைக்குப் போனதும் தெனம் போட்டுக்கிடுவேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வூட்டுலயே இருந்துட்டீங்க."

"குடு இப்படி. நாள் நெருங்கிருச்சு. சபையில நான் தாத்தாவா நிக்கணுமா?"

"தாத்தான்னா மரியாதைதானுங்களே. காபி மொதல்ல வரும். என்னைய அக்கான்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அந்தப் பேர நான் காப்பாத்த வேணாமா?"

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. மதில்மேல் ஆண்டாயியின் தலை முளைத்தது.

"ஏந்தம்பி, நீ வெளியில நிக்கிற. அப்ப உள்ள பல்லு வெளக்குறது யாரு?"

"செங்கமலந்தாங்க" என்றார் தங்கசாமி.

"ஏங்க," உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாளைக்கு வரப்ப பேட்டரி கட்டை நாலு வாங்கிட்டு வாங்க."

தங்கசாமி எண்ணெய் போட்டு முறுக்கிய தாழ்ப்பாள், சிணுங்காமல் சிக்காமல், உள்பக்கமாக விழுந்தது.