எனக்கு மஞ்சள் காமாலை இல்லை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை கொஞ்சம் தயங்குகிறது.

எனக்கு மஞ்சள் காமாலை என்று யாரோ சொல்லி நீ அழுதாயாம். காமாலை இல்லை. பத்து நாள் முன்பு பஸ் ஓட்டும்போது, சாலை நடுவிலுள்ள வெள்ளைக் கோடு ஓரிடத்தில் நெளிந்து தெரிந்தது. கோடு போட்டவன் தூங்கி வழிந்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே ஓட்டினேன். திரும்பி வரும்போது மின்கம்பமும் நெளிந்தது. அதையும் திட்டினேன். கண்டக்டர் தணிந்த குரலில், "அண்ணே, கம்பம் நேராத்தான் நிக்குது. கண்ணாடிய மாத்திப் பாருங்க" என்றார்.

கண்ணாடி மாற்றப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கை நரம்பில் ஒரு மஞ்சள் சாயத்தை ஏற்றினார்கள். அது ரத்தத்தோடு கண்ணுக்குள் போய், நீல வெளிச்சம் பட்டதும் ஒளிர்ந்து, எந்தக் குழாய் கசிகிறது என்று போட்டோவில் காட்டிக்கொடுக்குமாம். எனக்குக் குமட்டியது, நர்ஸ் கொடுத்த கிண்ணத்தைக் கட்டிப்பிடித்தபடியே போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தேன். சாயம் ஒரு நாளில் வெளியேறிவிடும், பயப்பட வேண்டாம் என்றார். வீட்டில் மஞ்சளாகிப்போன என் முகத்தையும், பிறகு சிறுநீரின் நிறத்தையும் பார்த்து உன் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாயம் என்றால் எதற்கு என்று கேட்பாள், அதைச் சொல்ல வாய் வரவில்லை, போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்குள் கீழ்வீட்டுக்காரர் காமாலை என்று தீர்ப்பே எழுதிவிட்டார். தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து கழுவினார்கள், அன்றைக்கு யாருக்கும் குளிக்கத் தண்ணீர் இல்லை, அதற்கும் என்னைத்தான் முறைத்தார்கள். எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். மறுநாள் மஞ்சள் போய்விட்டது, தட்டு மட்டும் போகவில்லை. டெப்போவுக்கும் செய்தி எட்டி, ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் சொன்னதை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். கறுப்புத் திரையில் குழாய்கள் கிளைகிளையாக வெளுத்துத் தெரிந்தன. நடுவில் மட்டும் ஈரம் ஊறிய சுவர்போல் ஒரு திட்டு. மாதாமாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாமாம். எப்போது வண்டியை எடுக்கலாம் என்று கேட்டேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நடங்க, வீட்டு வேலை பாருங்க. பஸ் மட்டும் இனி வேண்டாங்க" என்றார். இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். உன் அண்ணியிடம் இன்று நானே சொல்லிவிடுவேன்.

ஆகவே, விசாரிக்கிறவர்களிடம் காமாலை இல்லை, கண்தான் என்று தெளிவாகச் சொல். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது டெப்போ மேனேஜர் வந்தார். என் வண்டியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம், ஒரு மாதத்தில் நான் வந்துவிடுவேன் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். அதைக் கேட்டு உன் அண்ணி ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். யார் கேட்டாலும் காமாலை என்றே சொல்லிவிடம்மா. அது குணமாகிற வியாதி.