பூமாரி அத்தையின் காது குறித்து

சேரப்பணஞ்சேரி,
ஞாயிறு, மதியம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு, மாரிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் கழுத்துக்குக் கீழே நலம். கழுத்துக்கு மேலே உள்ள நிலவரத்தைப் பிறகு எழுதுகிறேன். அங்கே நீங்களும் அப்பாவும் கறுப்பு ஆடும் அதன் குட்டிகளும் சுகமாக இருக்க விளாத்திகுளம் பக்கத்துச் சாமிகள் எல்லாரையும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். மெதுவாக எழுத்துக்கூட்டி நீங்களே படியுங்கள்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். "காது" என்று நான் ஆரம்பித்தாலே, "ஏட்டி, சிக்னல் இல்ல, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அறுந்த உங்கள் இடது காதைத் தைப்பதற்கு ஒரகடத்தில் ஒரு கிளினிக்கில் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். மரத்துப்போக ஒரு ஊசி, சின்னதாக நாலு தையல், அரைமணி நேரம். அவ்வளவுதான். நான் பதினோரு மாதக் குழந்தையாக உங்கள் இடுப்பில் இருந்தபோது ஜிமிக்கியைப் பிடித்து இழுத்து அறுத்த காது அது. ரத்தம் வழிய வழிய நீங்கள் என்னைக் கீழே விடவில்லை என்று அப்பா சொல்வார். நான் பிறந்து செய்த முதல் வேலையே இப்படி ஆகிவிட்டது.

நம் ஊரில் அதைத் தைக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை, கவனித்தீர்களா? ஒருவருக்கு ஆறு விரல், ஒருவருக்குப் பாதிப் பல், நமக்கு அறுந்த காது. அது குறையே இல்லை, முகவரி. "காதறுந்த பூமாரி வீடு" என்றால் பால்காரர் முதல் ஓட்டுக் கேட்டு வருகிறவர் வரை நேராக நம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்த உறையின் மேல் கதவு எண்ணை மட்டும் எழுதப் போகிறேன். வந்து சேருமா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது அத்தை. நாம் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரிவதற்கு முன்னால் முகம் போய் நின்றுவிடுகிறது. அதனால் முகத்தைத் திருத்துகிற கடைகள் இங்கே நிறைய. அவர்களும் தெரு பார்த்துத்தான் பலகை வைக்கிறார்கள். பையன்கள் அறை எடுத்துத் தங்குகிற தெருவில் முடி நடுகிற பலகை. எங்கள் விடுதித் தெருவில் கண்ணுக்குக் கீழே கருவளையம் போக்குகிற பலகை. ஏனென்றால் கம்பெனியில் பாகங்களைப் பொருத்துகிற லைனில் தொப்பியும் மாஸ்க்கும் போட்டு நிற்கும் எங்களுக்கு வெளியே தெரிவது கண் மட்டும்தான். நைட் ஷிப்ட் முழுவதும் அதில்தான் வந்து உட்காருகிறது. புருவத்துக்கும் கண்ணுக்கும் அத்தனை பேர் போகிறார்கள், மூக்கைப் பற்றி ஒருத்தியும் பேசிக் கேட்டதில்லை.

உங்கள் காதைப் பற்றி விசாரிக்கப் போன வாரம் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். பிரியாணிக் கடைக்கு மேல்மாடி. வாசலில் இசைவாணி என்று ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். "சொல்லுமா, இன்னா பண்ணணும்?" என்றார். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, புது ஆளைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். பதில் சொல்லாமல் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் எழுந்து வந்து என் காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "காது சூப்பரா கீதுமா. மூஞ்சிதான் வெயில்ல வெந்துகினு கீது. கடை தொறந்து ஒரு மாசம் ஆகுது, மொத தபா வர்றவங்களுக்கு இன்னிக்கு ஃப்ரீ, வா வா" என்று கையைப் பிடித்தார். எனக்கு இல்லை, அத்தைக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயைச் சுற்றிக் களிம்பு பூசிவிட்டார்கள். தோல் உரிக்கிற களிம்பாம். முகம் திகுதிகுவென்று எரிந்தது. "எரியுதாமா?" என்று கேட்டபோதும் மரியாதைக்காக இல்லை என்று தலையாட்டிவிட்டேன். எல்லாம் முடிந்து மாடிப்படி வரை வந்து, திரும்பிப் போய், உங்கள் காதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துத்தான் நேரம் வாங்கினேன்.

மறுநாள் காலை ஷிப்ட். எங்கள் கம்பெனி கேட்டில் கைரேகை எல்லாம் போய்விட்டது, முகத்தைக் காட்டினால்தான் வருகை பதிவாகும். காட்டினேன், சிவப்பு விளக்கு. பொட்டை எடுத்துவிட்டுக் காட்டினேன், சிவப்பு. சிரித்துக் காட்டினேன், இன்னும் சிவப்பு. பின்னால் நாற்பது பேர். மணிமங்கலத்திலிருந்து வருகிற என் தோழி கவிப்பிரியா எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, மூஞ்சி அப்பளம் பொரிச்சா மாதிரி உப்பிகினு கீது? மிசின் பாவம், அது இன்னா பண்ணும்?" என்றாள். சூப்பர்வைசர் ரகுபதி சார் வந்து, என் கார்டில் இருக்கும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஐடி கார்டு உன்னுதுதான்மா, மூஞ்சி யாருது?" என்று கேட்டார். நாற்பது பேரும் சிரித்தார்கள். கடைசியில் ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக ஒரு முகம் பதிந்தார்கள். மூன்று நாளில் தோல் உரிய ஆரம்பித்து அந்த முகமும் போய்விட்டது, மறுபடி ஒன்று பதிந்தார்கள். இப்போது கம்பெனியில் என் பெயரில் மூன்று முகங்கள் இருக்கின்றன. நேற்று எதுவுமே பொருந்தாமல், செக்யூரிட்டி நடேசன் அண்ணன்தான் என் நடையைப் பார்த்து உள்ளே விட்டார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் பட்டமளிப்பு அன்று போட்டோ எடுப்பவர் "சிரிங்க" என்று சொன்ன நேரத்தில் உங்களிடம் மெதுவாக, "முந்தானைய காது மேல போட்டுக்கோங்க அத்தை" என்று சொன்னேன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொண்டீர்கள். சிரிக்கவும் செய்தீர்கள். அந்தப் படத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு, "இன்னா, உங்க அத்தைக்கு வெயில்லயும் குளிருதா?" என்று கவிப்பிரியா கேட்டாள். செல்போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நான் இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அப்பா இரண்டு முறை வந்துவிட்டார். நீங்கள் ஒருமுறைகூட வரவில்லை. வரச் சொல்லும்போதெல்லாம், "ஆடு குட்டி போட்டுருக்குட்டி" என்கிறீர்கள். இதுவரை ஐந்து முறை போட்டிருக்கிறது. நான் விலங்கியல் படித்தவள் அத்தை. எந்த ஆடும் பதினான்கு மாதத்தில் ஐந்து முறை குட்டி போடாது.

அதனால்தான் இந்த ஏற்பாடு. காதைத் தைத்துவிட்டால் நீங்கள் தயங்காமல் வருவீர்கள், என் விடுதியையும் நான் வேலை செய்கிற இடத்தையும் பார்ப்பீர்கள், மறுபடி ஜிமிக்கி போடுவீர்கள் என்று நினைத்தேன். தவறாமல் வரவும். அப்பாவுக்கு என் வணக்கம், குட்டிகளுக்கு என் முத்தம், கறுப்பு ஆட்டுக்கு என் அனுதாபம்.

என்றும் உங்கள் இடுப்பை விட்டு இறங்காத,
மாரிசெல்வி

பின்குறிப்பு: எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். அன்று மறைத்துக்கொண்டு நில்லுங்கள் என்றேன், இன்று தைத்துக்கொண்டு நில்லுங்கள் என்கிறேன். இரண்டும் ஒன்றுதான் போல. உடனே நடந்து போய் இசைவாணி அக்காவிடம் அந்த நேரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்போ அதுல உனக்கு இன்னொரு தபா களிம்பு போட்டுடலாமா?" என்றார். "வேணாங்க்கா" என்றேன். சத்தமாகவே வந்தது. நீங்கள் ஆசைப்பட்டால் மட்டும், என்றைக்கு வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கிளாம்பாக்கத்தில் வந்து இறங்குங்கள். பேருந்து நிலையம் ரொம்பப் பெரியது, கூட்டம் வேறு. அன்றைக்கு என் முகம் எப்படி இருக்கும் என்று மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் நீங்கள் என்னைத் தேட வேண்டாம். முந்தானையை மட்டும் காது மேல போட்டுக்காதீங்க அத்தை. தூரத்திலேயே நான் கண்டுபிடித்து ஓடி வந்துவிடுவேன்.