நிச்சயதார்த்த மோதிரமும் ஒன்பது கிளிப்புகளும்

எந்தப் பொருளைத் தினமும் கையில் பிடித்துச் சம்பளம் வாங்கினேனோ, அதைக் கழற்றத் தெரியாமல் என் கல்யாணத்தையே கோட்டைவிடப் பார்த்தவன் நான். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். (இருந்த வெட்கமெல்லாம் அன்றைக்கே செலவாகிவிட்டது.)

தொண்ணூறுகளின் நடுவில் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கார் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடை இரும்போடு சேர்த்துப் பிடிக்கிற, கட்டைவிரல் நகமளவு கிளிப் இருக்கிறதே, அதை மூட்டை மூட்டையாக வார்த்துத் தள்ளுவோம். நான் தரம் பார்க்கிறவன். கிளிப்பை ஓட்டையில் அழுத்தி, மெஷினில் மாட்டி இழுப்பேன். சுலபமாக வந்தால் ரிஜெக்ட். வராமல் அடம்பிடித்தால் பாஸ். வெளியே வராத கிளிப்பைப் பார்த்தே ஆறு வருடம் பூரித்துப்போயிருந்தேன்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை, அல்சூரில் பெண் வீட்டில். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மோதிரம் மாற்றியாக வேண்டும். என்னை அழைத்துப்போக வருங்கால மாமனாரே புதுக் காரில் வந்துவிட்டார். சீட்டின் பாலிதீன் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை. நான் உட்கார்ந்ததும் அது மொறுமொறுவென்று சத்தம் போட்டது.

மணப்பெண் சுமதிக்குப் போட வேண்டிய மோதிரம் என் பையில். சும்மா இருக்க முடிகிறதா? வழியெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் என் சுண்டுவிரலில் மாட்டி, வெயிலில் எப்படி மின்னுகிறது என்று பார்க்க ஜன்னலோரம் நீட்டினேன். ஒரு பள்ளம். வண்டி குதித்தது. மோதிரம் கண்ணாடி இடுக்கில் விழுந்து, கதவுக்குள் எங்கேயோ 'டிங்' என்றது.

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் வீட்டாரோடு முன்னதாகவே பெண் வீட்டுக்குப் போய்விட்டிருந்த பெரியப்பா, அந்தச் சம்பந்தத்தில் என்ன குறை கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தவர். மோதிரம் தொலைந்தது என்று தெரிந்தால், அபசகுனம் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கோ சுமதியை ரொம்பப் பிடித்திருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும், "நீங்க உள்ள போங்க மாமா, சட்டையைச் சரி பண்ணிட்டு வரேன்" என்றேன். அவர் தலை மறைந்ததும் டூல் கிட்டைத் தேடி எடுத்தேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கை வைக்கும் கட்டை, எல்லாவற்றையும் ஸ்க்ரூவோடு கழற்றினேன். டோர் பேடின் ஓரத்தைப் பிரித்து எட்டிப் பார்த்தால், உள்ளே எங்கள் கிளிப்! என் கையால் பாஸ் செய்த அதே கிளிப்! ஒரு கணம் மோதிரம் மறந்தே போனது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "சபாஷ்!" என்றேன். (சத்தியமாகச் சொன்னேன்.)

பிறகுதான் மணி நாலு பத்து என்று உறைத்தது. காலைக் கதவில் உதைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து இழுத்தேன். டப், டப், டப்! ஏழு கிளிப்பின் தலை பறந்தது. மீதி இரண்டு விட்டுக்கொடுக்காமல் பேடைத் தொங்கவிட்டன.

"ஏங்க, என்ன செய்றீங்க?"

பட்டுப்புடவையில் சுமதி. மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். மோதிரம் என்று சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. அவள் உள்ளே ஓடித் தோசைத் திருப்பியோடு வந்தாள்.

"கல்லுல ஒட்டின தோசைய நடுவுல புடிச்சா இழுப்பாங்க? ஓரத்துல, ஒட்டின எடத்துக்குப் பக்கத்துலயே விட்டுத் தூக்கணும்."

கிளிப்புக்கு அடியில் திருப்பியைச் செருகி லேசாக நெம்பினாள். முழுசாக வந்தது. அடுத்ததும் வந்தது. உள்ளே கைவிட்டு, கிரீஸ் அப்பிய மோதிரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக மறைந்தாள்.

அதே நேரம் முன்வாசலில் மாமாவும் பெரியப்பாவும். மாமா காரைப் பார்த்தார். காலடியில் கிடந்த பேடைப் பார்த்தார். என் கையில் இருந்த மோதிரத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாய்யா இது கோலம்?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணுமில்ல சம்பந்தி, கதவுல கடகடன்னு சத்தம் வந்துனே இருந்துச்சு. மாப்ள கார் பார்ட்ஸ்ல கில்லாடியாச்சே, நான்தான் பாக்கச் சொன்னேன்."

"எங்க பையன் வேலைக்காரன்!" என்று பெரியப்பா மீசையைத் தடவினார். நாலு இருபத்தைந்துக்கு மோதிரம் சுமதி விரலில் ஏறியது. அந்த நிமிஷத்துச் சந்தோஷத்தில் நான் ஆடாதது ஒன்றுதான் பாக்கி.

கிளம்பும்போது பெரியப்பா பெரிய மனசோடு, "எங்க பக்கத்துலேர்ந்து சீர் ஏதாச்சும் எதிர்பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒம்பது கிளிப்பு."

அப்படியே கல்யாணத்தன்று தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கு மஞ்சளுக்கு நடுவே, ஒன்பது கிளிப்பை வைத்துக் கொடுத்தோம். இன்றைக்கும் எங்கள் உறவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் சீர்த்தட்டில் யாராவது ஒரு கிளிப்பை வைத்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு சம்பந்தி வீட்டம்மாள், இது என்ன சாங்கியமோ என்று கேட்கக் கூச்சப்பட்டு, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்.