அத்தர் தெளித்த மீன் தூள்

"ஞாயித்துக்கெழமை என் மக உமைமாவைப் பொண்ணு பாக்க வாணியம்பாடில இருந்து வர்றாங்க. அதுக்குள்ள இந்த நாத்தம் போகணும். இல்லாட்டி உன் கோழிங்க போகணும்."

வீட்டுக்காரர் ஜியாவுல்லா பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். ஆம்பூரில் நாற்பது வருடம் தோல் வியாபாரம் பார்த்த மூக்கு அது.

"பச்சைத் தோல் மேலயே படுத்துத் தூங்கினவரு நீங்க. என் மீன் தூள் நாறுதா, பாய்?" என்றாள் கீழ்வீட்டு சங்கீதா.

ஷூ கம்பெனி வேலையை விட்டபின் அவளுடைய பிழைப்பே கொல்லைக் கோழிகள்தான். பொடி மீனை வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி அரைத்த அந்தத் தூளைத் தவிட்டில் கலந்து போட்ட பிறகுதான் அவை ஒழுங்காக முட்டையிட்டன.

"கோழிக்கு எதுக்கும்மா கடல் மீனு?"

"அரபு நாட்டுல அந்தக் காலத்துலயே ஒட்டகத்துக்குக் காஞ்ச மீன் போட்டாங்களாம். உங்க பொண்ணுதான் படிச்சுச் சொல்லுச்சு."

பாய் பொத்திய மூக்கோடு மாடியேறினார். கல்லூரிப் புத்தகத்தோடு உமைமா இறங்கி வந்தாள்.

"அப்பா பேஜார் பண்றாரா? தூளை வெயில்ல பரப்புங்கக்கா. நாத்தம் பறந்துடும்."

பறந்தது, தெரு முழுக்க. காக்கைகள் வந்தன. பின்னாலேயே பூனைகள்.

"அப்போ லேசா தண்ணி தெளிச்சுக் கட்டி வைங்க. அடங்கிடும்."

படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் ஈரத்தில் புழுங்கிய மூட்டை தொட்டால் சுட்டது. நாற்றம் மாடிப்படி ஏறியது.

ஞாயிறு காலை உமைமா பாட்டிலோடு ஓடிவந்தாள். "அத்தர், அக்கா! கம்மியா ஊத்தாதீங்க, முழுசா ஊத்துங்க!" சங்கீதா மூட்டைமேல் முழுசாகவே ஊற்றினாள்.

மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் உட்கார்ந்தார், முகர்ந்தார், எழுந்தார். மாப்பிள்ளை தும்மிக்கொண்டே காரில் ஏறினான். பிரியாணி தட்டிலேயே ஆறியது.

"நாளைக்கே கோழிய காலி பண்ணு!" படியில் நின்று கத்தினார் பாய்.

"மாட்டேன்! மொதல்ல மாடில வெச்சிருக்கிற உங்க பழைய தோலைக் காலி பண்ணுங்க. அப்புறம் என் கோழி மேல கை வைங்க!" கூண்டின் முன் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள் சங்கீதா.

பாய் கதவை அறைந்து சாத்தினார். உமைமா மெதுவாக இறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் சங்கீதாவின் கைகள் தாமாகத் தாழ்ந்தன.

"உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேனேம்மா..."

"கோழி எங்கயும் போகாதுக்கா, அப்பாவை நான் பாத்துக்கறேன். பக்ரீத் கழிச்சு பேரணாம்பட்டு மாப்பிள்ளை வர்றான், நீங்க மீன் தூளை ரெண்டு மூட்டையா வாங்கி வைங்க."